இரண்டு சஹனுக்கு நடுவில் கனகசபை மாஸ்டர்

பெட்டியைத் திறந்து உருண்டைகளை மேசையில் கொட்டினார்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, அவற்றைச் செருகக் குச்சிகள். நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்தின் இளம் விஞ்ஞான ஆசிரியர்கள் அவர்கள். பாடமெல்லாம் தமிழுக்கு வந்துவிட்டதாம். இலத்திரன், பங்கீட்டு வலு, சடத்துவ வாயு என்று சொற்களும் வந்துவிட்டனவாம். கூடவே இந்த உருண்டைகளும். "நீங்க படிப்பிச்ச காலத்துல இதெல்லாம் இல்லையே சேர், எத வெச்சுப் படிப்பிச்சீங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நெய்ச்சோற்றை வைத்து என்றேன். சிரித்தார்கள். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். பகிடிதான், ஆனால் பொய்யில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கண்டிக்குப் பக்கத்துத் திகனக்காரன். வாப்பாவுக்கு அங்கே புடவைக் கடை. கொழும்பில் நான் இரசாயனம் படித்த கதையில் சொல்வதற்கு அதிகமில்லை. விரலெல்லாம் அமிலத் தழும்பும் தலையெல்லாம் இலத்திரனுமாகத் திரும்பி வந்தேன், அவ்வளவுதான். முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டியில் அரசாங்க உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வருடம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லி என்னை எடுத்துக்கொண்டது. நிரந்தரமாகாவிட்டால் கடைதான். வாப்பா அதற்குள் கடையில் நான் உட்காரவென்று ஒரு புதுக் கதிரை செய்வித்து வைத்துவிட்டார். "ஒரு வருஷம் தானே மகன், போயிட்டு வாங்க" என்று அவர் வழியனுப்பிய விதத்தில், நான் சுற்றுலா போகிறேன் என்றே பக்கத்துக் கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

கடை என்றால் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் காலை முதல் மாலைவரை சேலையை விரித்து மடித்துக்கொண்டிருப்பவனுக்குக் குளோரினின் மஞ்சட்பச்சையைப் பார்க்க எப்போது கிடைக்கும்? அந்தக் கதிரையில் உட்காரவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

என்னை நிரந்தரமாக்குவதும் ஆக்காததும் கனகசபை மாஸ்டரின் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், விஞ்ஞானப் பகுதிக்குத் தலைவர். கண்டிக் குளிரோ வெயிலோ, கோட்டைக் கழற்றமாட்டார். வெண்கட்டியைக் கத்தியால் ஒரே அளவாக நறுக்கி எங்களுக்குப் பங்கு வைப்பார். ஆள் நேர்மையென்றால் அப்படியொரு நேர்மை, பக்கத்தில் இருப்பவனுக்கு மூச்சு முட்டும்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளின் வரவைப் பார்த்தே அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு உதவிப் பணம் கொடுக்கும். நான் வருவதற்கு முன்னால் ஒரு ஆசிரியர், ஒரே பையனை இரண்டு வகுப்பின் வரவு இடாப்பிலும் பதிந்து வைத்திருந்தாராம். அதைக் கண்டுபிடித்து அந்த ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பியவர் கனகசபை மாஸ்டர். அன்று தொடங்கிய பழக்கம், காலையில் வகுப்பு வகுப்பாக வந்து வாசலில் நிற்பார். பென்சிலை நீட்டிக் காற்றிலே ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். எண்ணிக்கை இடாப்போடு ஒத்துப்போனால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

செய்முறைப் பாடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. சோடியம் இருக்கும் போத்தல் பூட்டிய அலுமாரிக்குள், அதன் திறப்பு அவருடைய கோட்டுப்பைக் கடிகாரச் சங்கிலியில். மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் கட்டியை இடுக்கியால் எடுத்து ஓட்டின்மேல் வைத்துப் பாசிப்பயறு அளவுக்கு ஒரு துண்டு வெட்டுவார். வெட்டிய முகம் வெள்ளிபோல மின்னும். "பாருங்கோ, பாருங்கோ, மங்கப் போகுது" என்பார். பிள்ளைகள் கழுத்தை நீட்டுவதற்குள் மங்கிவிடும். ஒற்றுத்தாளில் மண்ணெண்ணெயை ஒற்றி எடுத்து, துண்டை நீண்ட பிடியுள்ள சின்னக் கரண்டியில் வைத்துச் சாராய விளக்கில் காட்டுவார். உருகிப் பற்றத் தொடங்கியதும் கரண்டியைக் குளோரின் நிறைந்த சாடிக்குள் இறக்குவார். மஞ்சள் சுவாலை கண்ணைக் கூசவைக்கும். அடங்கியதும் சாடியின் பக்கமெல்லாம் வெள்ளைத் தூள். "உங்கடை அம்மா கறிக்குப் போடுற உப்பு இதுதான்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

அதுவரைக்கும் எல்லாம் அழகு. ஏன் அப்படி நடந்தது என்று விளக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். சோடியத்துக்குக் கொக்கிபோல ஒரு கொளுக்கி, குளோரினுக்கு ஒரு கொளுக்கி, ஒன்றையொன்று கொளுவிக்கொண்டன. ஒட்சிசனுக்கு இரண்டு கொளுக்கி. காபனுக்கு நாலு. அவர் படித்த காலத்துப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் கொழும்பில் படித்ததோ, அணுவைச் சுற்றி ஓடு ஓடாக இலத்திரன்கள் இருக்கின்றன, அவற்றில் கடைசி ஓட்டில் இருப்பவைதான் சேர்க்கைக்குப் பொறுப்பு என்று. ஒருநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிவிட்டேன்.

"எலெக்ட்ரனை நீர் கண்டனீரோ?" என்று கேட்டார்.

"இல்ல சேர். கொளுக்கிய நீங்க கண்டீங்களா?"

அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். நிரந்தரமாகாத ஒருவன் பேசுகிற பேச்சா அது? வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி. கனகசபை மாஸ்டர் கோபப்படவில்லை. "படிப்பியும். பெடியளின்ரை விடையளைப் பாத்துப் போட்டுச் சொல்லுறன்" என்றார்.

பாடம் அப்போது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் நான் சொன்ன ஓடும் இலத்திரனும் பிள்ளைகளின் ஒரு காதுக்குள்ளும் போகவில்லை. வகுப்பில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள், திகன, அக்குறணைப் பக்கத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகள். பாடம் நடக்கும்போதே முந்தின நாள் கலியாணத்தில் தின்ற இறைச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேதான் வழி கிடைத்தது.

எங்கள் கலியாணங்களில் ஆளுக்கொரு இலை கிடையாது. ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து மூடிக் கொண்டுவருவார்கள். அதுதான் சஹன். அதைச் சுற்றிப் பாயில் ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடவேண்டும். ஆறு பேர் சேரும்வரை மூடி திறக்கப்படாது. அதனால் ஐந்து பேராக உட்கார்ந்திருப்பவர்கள், வழியில் தனியாகப் போகிறவனை யார் எவர் என்று பாராமல் கையைப் பிடித்து இழுப்பார்கள். தனியாக நிற்பவனும் எங்கே இடமிருக்கிறது என்று தேடிக்கொண்டே நிற்பான்.

ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தமிழுக்கு இறங்கினேன். அணுவின் வெளிப் பாய்க்கு மட்டும் ஆறல்ல, எட்டுப் பேர் என்றேன். சோடியத்தின் வீட்டில் உள்ளே இருக்கிற சஹன்களெல்லாம் நிறைந்துவிட்டன, அங்கே சாப்பிடத் தொடங்கியவன் எவனும் எழும்பமாட்டான், வெளிப் பாயிலே மட்டும் ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்றேன். குளோரினின் வெளிப் பாயில் ஏழு பேர், ஒருவன் குறைகிறான். தனியாள் எழும்பி அங்கே போனால் இரண்டு வீட்டிலும் குறையில்லை. ஆளைக் கொடுத்த வீடும் எடுத்த வீடும் சம்பந்திகளாகி ஒட்டிக்கொள்ளும். அதுதான் உப்பு. நியோன் என்னும் சடத்துவ வாயுவின் வெளிப் பாயில் ஏற்கெனவே எட்டுப் பேர், அது எவனையும் திரும்பியும் பார்க்காது. ஏழு பேருள்ள இரண்டு குளோரின்கள் சந்தித்தால்? ஒருவரும் ஆளைக் கொடுக்கச் சம்மதிக்கமாட்டார்கள். ஆகவே பாயை ஒட்டிப் போட்டு, இங்கிருந்து ஒருவனையும் அங்கிருந்து ஒருவனையும் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் எண்ணிக்கொள்வார்கள். பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தவணைப் பரீட்சை வந்தது. மெச்சிய வாயில் மண்.

கனகசபை மாஸ்டர் ஒரு விடைத்தாளை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். "ஐசே, உம்மடை வகுப்பிலை ஒட்சிசன் ஒண்டோடையும் சேராதாம்."

வாங்கிப் பார்த்தேன். 'ஒட்சிசனின் வெளி ஓட்டில் ஆறு உண்டு. ஆறு நிறைந்துவிட்டபடியால் அது எதனோடும் சேராது.' அடுத்த தாளிலும் அதே. அதற்கடுத்ததில் இன்னும் விசேஷம், குளோரினில் ஏழு இருப்பதால் ஒருவனை எழுப்பி வெளியே அனுப்பிவிடுமாம். இரசாயனச் சஹனில் எட்டுப் பேர் என்று நான் சொன்னது உண்மை. ஆனால் பிறந்ததிலிருந்து ஆறு பேராக உட்கார்ந்து தின்றவர்களின் கை, பரீட்சை மண்டபத்தில் என்னை நம்பவில்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் மாஸ்டர். "இரும்பு துருப்பிடியாது. விளக்கு எரியாது. மூச்சு விட்டுப் பிரயோசனமில்லை. வகுப்போடை எல்லாரும் செத்துப் போனம்."

மறுநாள் எட்டு என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "எட்டுப் பேர் இரிந்தா எறச்சி காணாது சேர்" என்றான். அது போதாதுதான். இருந்தாலும் எட்டு என்று இருபது தடவை சொல்லவைத்தேன். ஆறு பேருள்ள ஒட்சிசன் இன்னும் இரண்டு பேரைத் தேடி அலைகிற பசிகாரன் என்று புரியவைத்து முடித்தபோது என் தொண்டை கட்டிவிட்டது. கடைசி வாங்கில் கனகசபை மாஸ்டர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனபின் எழும்பி வந்தார்.

"சோடியம் குடுக்குது, குளோரின் எடுக்குது. அது எனக்கு விளங்குது. கொளுக்கியை விட வடிவாத்தான் இருக்கு" என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர் முடிக்கவில்லை. "உந்தப் பங்கு போடுறதுதான் எனக்குச் சரிவரேல்லை. ரெண்டு குளோரினிலையும் ஏழு ஏழு. மொத்தம் பதினாலு. நீர் எட்டும் எட்டும் எண்டு பதினாறு எண்ணுறீர். மிச்சம் ரெண்டும் எங்கையிருந்து வந்தது?"

"நடுவுல இரிக்கிற ரெண்டையும் ரெண்டு பக்கமும் எண்ணுறோம் சேர்."

"ஒரு பெடியனை ரெண்டு இடாப்பிலை பதிஞ்சா அது களவு. ஒரு எலெக்ட்ரனை ரெண்டு அணுவிலை பதிஞ்சா அது விஞ்ஞானமோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். அவருக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒருத்தன் ஒரே நேரத்திலை ரெண்டு இடத்துக் கணக்கிலை களவில்லாமல் நிக்கலாம் எண்டு எனக்குக் காட்டும். காட்டினா உம்மை நிரந்தரமாக்கச் சொல்லிக் கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி வருஷ முடிவிலை உம்மடை வாப்பாவின்ரை கடைக்குச் சேலை வாங்க வாறன்."

அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை. வருடம் முடிய அதிக நாள் இருக்கவில்லை. அட்டையில் வட்டம் வெட்டிப் பார்த்தேன், புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன். எதைக் காட்டினாலும் பென்சிலை நீட்டி எண்ணுவார். "பதினாலுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கனவிலே கூட அந்தக் கதிரை வந்தது.

அந்த நிலையில்தான் என் தங்கச்சியின் கலியாணம் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திகனயில் எங்கள் வீட்டில். பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியரான அதிபரும் மூன்று ஆசிரியர்களும் கனகசபை மாஸ்டரும் ஒரு பஸ்ஸைப் பேசி வருவதாக ஏற்பாடு. பஸ் நேரத்துக்குப் புறப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தாலும் ஆய்வுகூடத்தின் அலுமாரிகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன் என்று மாஸ்டர் நின்றுவிட்டாராம். பிறகு ஏற்றத்தில் பஸ்ஸின் தண்ணீர் கொதித்து அங்கேயும் ஒரு தாமதம். அவர்கள் வந்து சேர்ந்தபோது ஊரே சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

கனகசபை மாஸ்டர் சுத்த சைவம். அவருக்கென்று வாழைப்பழமும் தம்பிலி இளநீரும் தனியாக வைத்திருந்தோம். விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். அன்று எங்கள் வீட்டுச் சடத்துவ வாயு அவர்தான்.

சஹனுக்குப் பொறுப்பு காசிம் மாமா, உம்மாவின் தம்பி. தாடி நரைத்தும் குரல் நரைக்காதவர். கடைசிப் பந்திக்கு இரண்டு சஹன் மூடியபடி பாயில் வந்து உட்கார்ந்தது. மாமா எண்ணினார். அதிபர், மூன்று ஆசிரியர்கள், பஸ் சாரதி, கொண்டக்டர், மாத்தளையிலிருந்து பிந்தி வந்த சொந்தக்காரர் இரண்டு பேர், காலையிலிருந்து ஓடியாடிக் கொலைப் பசியோடு நான்.

"ஒம்பது பேர்" என்றார் மாமா. "மூடி தொறக்க ஏலா."

சாப்பிட்ட யாரையாவது கூப்பிட்டு உட்காரவைக்கச் சொன்னேன். "சாப்பிட்டு எழும்பினவன் எப்பிடிடா கணக்கு? ஆறு ஆள் இல்லாத சஹன நம்ம வீட்டுல தொறந்தா மாப்பிள வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்?" என்று மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அதிபர் பறங்கிக்காரர், நல்ல கட்டுமஸ்தான ஆள், பசி தாங்கமாட்டார். மூடிக்குக் கீழேயிருந்து வந்த நெய் வாசம் அவரைப் படாதபாடு படுத்தியது. அவர் விறாந்தைப் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், கனகசபை, நீர் சாப்பிட வேண்டாம், வந்து இரும், அது போதும் என்றார். அதிபர் சொல்லி மாஸ்டர் மறுத்ததில்லை. மாமாவிடம், "நான் சாப்பிடமாட்டன். அப்படியும் கணக்கோ?" என்று கேட்டார். "ஆள் தானே மாஸ்டர் கணக்கு. இரிந்தா செரி" என்றார் மாமா. கோட்டைக் கசங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் வாழைப்பழத்தோடு, மாஸ்டர் அதிபருக்குப் பக்கத்தில் பாயில் அமர்ந்தார்.

அந்தச் சஹனில் ஐந்து. எங்கள் சஹனில் நானும் சேர்ந்து ஐந்து.

"பத்து. இன்னம் ரெண்டு வேணும்" என்றார் மாமா. அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரை எனக்கு இரசாயன நினைப்பே இல்லை, சோற்று நினைப்புத்தான். ஐந்தும் ஐந்தும் என்று காதில் விழுந்ததும் தலையில் ஏதோ தட்டியது. எழும்பி எங்கள் பாயை இழுத்து அடுத்த பாயோடு ஒட்டினேன். கனகசபை மாஸ்டரைச் சற்று நகரச் சொல்லி, அவருக்கு முழங்காலோடு முழங்காலாக நானும் உட்கார்ந்தேன். இரண்டு சஹனுக்கும் நடுவில் அவரும் நானும்.

"நீ எந்தச் சஹன்டா?" என்றார் மாமா.

"ரெண்டும் மாமா. மாஸ்டரும் ரெண்டும்."

மாமா தாடியைச் சொறிந்தார். அந்தப் பக்கம் எண்ணினார், நாலு பேர், மாஸ்டர், நான், ஆறு. இந்தப் பக்கம் எண்ணினார், நாலு பேர், நான், மாஸ்டர், ஆறு. மறுபடி எண்ணினார். "அங்கயும் ஆறு, இங்கயும் ஆறு. செரி, பிஸ்மி சொல்லுங்க" என்று இரண்டு மூடியையும் தூக்கினார். அதிபரின் கை சோற்றுக்குள் போன வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் அசைவில்லை. திரும்பிப் பார்த்தேன். கனகசபை மாஸ்டர் வாழைப்பழத்தை நீட்டிக் காற்றிலே ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டிருந்தார். அந்த வட்டம், இந்த வட்டம், பிறகு எல்லோரையும் சேர்த்து. ஆறு, ஆறு, பத்து. மறுபடி முதலிலிருந்து. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கும்.

எண்ணி முடித்தவர் மெல்ல எழும்பப் பார்த்தார். பக்கத்தில் சோற்றுக்குக் கறி ஆணம் ஊற்றிக்கொண்டிருந்த மாமா அவருடைய தோளைப் பிடித்து அமர்த்தினார். "எழும்பாதீங்க மாஸ்டர். நீங்க எழும்பினா ரெண்டு சஹனும் ஒடஞ்சி போகும்."

பாவம் மனுசன். இரண்டு பக்கமும் இறைச்சி, நடுவில் சைவம். கண்ணை உத்தரத்தில் வைத்துக்கொண்டு பழத்தை நுள்ளி நுள்ளிச் சாப்பிட்டார். சற்றுப் பொறுத்து, உதடு அசையாமல் என்னிடம் கேட்டார்:

"ஐசே, இதை நீர் முன்னமே ஒழுங்கு பண்ணி வைச்சதோ?"

"இல்ல சேர். பஸ்ஸப் பிந்த வெச்சது நீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பை அடக்கப் போய்ப் புரைக்கேறியது. நான் முதுகில் தட்டிவிட்டேன்.

கடைசி இனிப்பாக வட்டலப்பம் வரும்போது கூடவே வாப்பாவும் வந்தார். மருமகன் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார், அன்றே மகனையும் மீட்டுவிடலாம் என்று நினைத்திருக்கவேண்டும். மாஸ்டருக்கு எதிரே குந்திக்கொண்டு, "இவன்ட வாய் பள்ளிக்கூடத்துக்குச் செரி வராது மாஸ்டர். கடையிலதான் வாய் வேணும். வருஷம் முடிஞ்சதும் அனுப்பிடுவீங்க தானே? கதிரையும் செஞ்சி வெச்சிரிக்கேன்" என்றார்.

நான் வட்டலப்பத்தை விட்டுவிட்டு மாஸ்டரைப் பார்த்தேன்.

கனகசபை மாஸ்டர் வாழைப்பழத் தோலை மடித்து வைத்தார். "நாளைக்கு நான் இவரை நிரந்தரமாக்கச் சொல்லிக் கையெழுத்து வைக்கப் போறன்" என்றார். பக்கத்தில் அதிபர் வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினார்.

வாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப என்ட கடை?" என்றார். முப்பது வருடம் தனியாளாக நடத்திய கடை அது. அதை விளையாட்டாக மட்டும் அவர் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாஸ்டருக்கும் புரிந்திருக்கவேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அண்டைக்கு இவரை உங்கடை கடையிலை எண்ணுங்கோ. மற்ற நாளிலை நான் என்ரை ஆய்வுகூடத்திலை எண்ணுறன்."

வாப்பா வியாபாரி, சந்தேகப்பட்டார். "ஒரே ஆள ரெண்டு எடத்துல எண்ணுறதா? அது செரி வருமா மாஸ்டர்?"

"அதிலை களவு ஒண்டும் இல்லை" என்றார் கனகசபை மாஸ்டர். "நான் இப்பதான் எண்ணிப் பாத்தனான்."

வாப்பா யோசித்தார். பிறகு சாப்பாட்டுக் கையோடு இருந்த எனக்கு மேலாகக் கையை நீட்டினார், மாஸ்டரும் நீட்டினார், இரண்டு பேரும் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை எனக்கு வாரத்தில் ஐந்து நாள் சோடியம், சனிக்கிழமை சேலை. உமக்குச் சம்மதமா என்று என்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.